படிக்கட்டில் நின்றவள்

பவானிபூர், கொல்கத்தா
12 ஜனவரி 2025

அன்புள்ள மன்னிக்கு,

மாதங்கியின் நமஸ்காரம். இங்கே நானும் உங்கள் மைத்துனரும் சௌக்கியம். அண்ணாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? சந்தீப், மாதவி, குழந்தை எல்லோரும் நலம்தானே?

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்திருப்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. நான் காலேஜில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு காலேஜில் சாயங்கால வகுப்பு, கதை எழுதச் சொல்லித்தருகிறார்கள். ஆரம்பப் பாடம்தான், ஐந்து மாதம். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாக ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, போதும் என்று போய்ச் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் பதினெட்டுப் பேர். அதில் பதினேழு பேர் என் பெண் சௌம்யாவைவிடச் சின்னவர்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் டீச்சர் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் பாழாய்ப்போன பழக்கத்தில் "உட்காருங்கோ" என்று கையைக் காட்டிவிட்டேன்.

நிஜ டீச்சர் பெயர் ஷர்மிஷ்டா. இங்கே அக்காவுக்கு தீதி என்பதால் எல்லாருக்கும் அவள் ஷர்மிஷ்டா தி. அவள் கொடுத்த முதல் வீட்டுப்பாடம் இந்தக் கடிதம். பதில் போடக்கூடிய ஒருத்தருக்கு, கோர்ஸ் முடிகிற வரைக்கும், கையால் எழுத வேண்டும். போனில் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடுமாம். காகிதத்தில் எழுதினால்தான் நம் குரல் நமக்குக் கேட்குமாம்.

யாருக்கு எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. அண்ணன் தம்பியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இருபத்தாறு வருஷம் ஒரே சமையலறையில் முட்டிக்கொண்ட ஓர்ப்படிகள் நாம். நீங்கள் பிள்ளை சந்தீப்போடு கோயம்புத்தூர் போய் நாலு வருஷமாகிறது, இன்னும் நான் தாளிக்கும்போது பின்னால் திரும்பி "பெருங்காயம் போட்டாச்சா மன்னி?" என்று கேட்கிறேன். ஆகவே நீங்கள்தான் மாட்டிக்கொண்டீர்கள்.

இவர் சொல்கிறார், "அம்பத்தஞ்சு வயசுல காலேஜா? ஐ.டி. கார்டெல்லாம் குடுப்பாளோ?" கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போய் லேக்கில் கூட நடக்கிற சிநேகிதர்களிடம் காட்டிவிட்டு வந்தார்.

பதில் போடுங்கள். போடாவிட்டால் எனக்கு மார்க் போய்விடும்.

உங்கள்
மாதங்கி

*

வடவள்ளி, கோயம்புத்தூர்
26 ஜனவரி 2025

சௌபாக்கியவதி மாதங்கிக்கு,

மன்னியின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் க்ஷேமம். உன் அண்ணாவுக்கு முழங்கால் நடக்கவில்லையே தவிர வாய் நன்றாக நடக்கிறது.

தபால்காரர் கேட்டில் நின்று, "ஏனுங்கம்மா, பேங்க் நோட்டீஸ் இல்லீங்க, நெசமான லெட்டருங்க" என்று கூவினார். தெருவே எட்டிப் பார்த்தது. நீ சொன்ன மாதிரி பயந்துகொண்டுதான் பிரித்தேன். அப்புறம் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தேன். அதற்காக உன்னை மன்னித்தேன்.

ஒன்று கேட்கிறேன். கதை சொல்ல உனக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது? நம் மாமியாரிடம் நீ விட்ட கதைகளுக்கெல்லாம் எந்தக் காலேஜில் படித்தாய்?

இங்கே எல்லாம் சௌகரியம். மாதவி என்னைச் சமையலறைப் பக்கமே விடுவதில்லை. "நீங்க உட்காருங்கோம்மா, இத்தனை வருஷம் பண்ணினது போறும்" என்கிறாள். நல்ல பெண். நான் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனால் மலை தெரிகிறது.

உன் ஆத்துக்காரன் அனந்துக்கு என் ஆசி. போனில் தும்மினானே, அந்த ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வை, மாத்திரை வேண்டாம்.

அன்புடன்
மன்னி

*

பவானிபூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். மிளகு ரசத்தில் இவருக்கு ஜலதோஷம் போய்விட்டது. அண்ணாவுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் விடச் சொல்லுங்கள்.

என் கதை கந்தலாகிவிட்டது. முதல் கதையாக ஹௌரா பாலத்தில், மழையில், ஒரு மஞ்சள் டாக்ஸியில் ஒரு பெண் அழுதுகொண்டு போவதாக எழுதினேன். எனக்கே கண் கலங்கிற்று. ஷர்மிஷ்டா தி கதைக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, "இன்றிலிருந்து பாலம், டிராம், மஞ்சள் டாக்ஸி, மழையில் அழுகிற பெண் நாலுக்கும் இந்த வகுப்பில் தடை" என்றாள். பதினெட்டில் பதினோரு பேர் அதையே எழுதியிருந்தோமாம்.

சரி என்று ஆபீஸில் பார்த்த ஒரு கேஸை எழுதினேன். வகுப்பில் ஜெயப்ரியா என்று ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள். டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டில் தமிழ்தான், ஆனால் சிரிப்பும் கோபமும் பெங்காலியில்தான் வரும். நான் தமிழில் எழுதுவதை அவள்தான் என்னோடு உட்கார்ந்து இங்கிலீஷில் போடுகிறாள். அவள் கேட்டாள், "ஆன்ட்டி, 'மேற்படி நபர் மேற்படி தேதியில் காலமானார்'னு எழுதிருக்கீங்களே, அந்த மேற்படி நபருக்கு க்ளெய்ம் குடுத்தாச்சா?" முப்பது வருஷ ஆபீஸ் புத்தி விரலை விட்டுப் போவேனா என்கிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. யாருடைய கதையைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் "நன்றி" என்று மட்டும் சொல்லலாம். நான் அதற்கு வாய்ப்பூட்டு நாற்காலி என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாதா, நானாவது வாயை மூடுவதாவது! மூன்று தடவை "இல்லே, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். மூன்று தடவையும் தி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

அடுத்த பாடம், "வீட்டில் சொல்ல முடியாத ஒன்றை எழுதி வாருங்கள்." என்ன எழுதுவது என்று மண்டை காய்கிறது.

உங்கள்
மாதங்கி

*

வடவள்ளி
23 பிப்ரவரி 2025

சௌபாக்கியவதி மாதங்கிக்கு,

ஆசீர்வாதம். எல்லாரும் சுகம். குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது, எல்லாரையும் கடிக்கிறான்.

வாய்ப்பூட்டு நாற்காலி நல்ல ஏற்பாடு. நீ மருமகளாக வந்த அன்றைக்கே நம் வீட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருக்க வேண்டும்.

வீட்டில் சொல்ல முடியாததற்கு உனக்குப் பஞ்சமா? ஒரு நோட்டு போதாதே! எதை வேண்டுமானாலும் எழுது, என் சாம்பாரைப் பற்றி மட்டும் எழுதினாயோ தொலைத்துவிடுவேன்.

கீழ்வீட்டு மித்ரா பௌதி, உன் பெங்காலி மன்னி, எப்படி இருக்கிறாள்? படி ஏற முடிகிறதா? நான் கேட்டதாகச் சொல். இங்கே அக்கம்பக்கத்தில் எல்லாரும் மரியாதையாகச் சிரிக்கிறார்கள். யாரும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து "இதை ருசி பார்" என்று நிற்பதில்லை. மற்றபடி எல்லாம் சௌகரியம்.

மன்னி

*

பவானிபூர்
16 மார்ச் 2025

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். பௌதிக்கு நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். "உன் மன்னி எப்போ வருவாள்? நான் சாவதற்கு முன்னாலா, பின்னாலா?" என்றாள். எழுபத்தெட்டு வயசு. இன்னும் அம்மியில்தான் கடுகு அரைக்கிறாள்.

இதோடு என் கதையை வைத்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கதையில் நம்மைப் போல ஒரு வைதீக ஆத்தில் இரண்டு மருமகள்கள். வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட கிடையாது. கீழ்வீட்டு பெங்காலி மாமி மழைக்காலத்தில் கடுகு அரைத்துவிட்டு இலிஷ் மீன் சமைப்பாள். மத்தியானம் மாமியார் கண் அசந்ததும் மூத்த மருமகள் ஓசைப்படாமல் கீழே போய் அதைச் சாப்பிடுவாள். இளையவள் படிக்கட்டில் காவல் நிற்பாள். மாமியார் புரண்டு எழுந்தால் "பால் பொங்கறது!" என்று குரல் கொடுப்பாள். மூத்தவள் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். அவ்வளவுதான் கதை.

மன்னி, வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. சாப்பிடுகிற பக்கத்தை தி இரண்டு தடவை உரக்கப் படித்தாள். ஒரே ஒரு குறை சொன்னார்கள், இளையவளுக்கு உயிரே இல்லை என்று. ஜெயப்ரியா கேட்டாள், "படியில நிக்கறாளே, அவ ஏன் நிக்கறா? அவளுக்கு என்னதான் வேணும்?" வாய்ப்பூட்டு நாற்காலியில் முதல் தடவையாக நான் பேசாமல் இருந்தேன்.

மே 31 வகுப்பின் கடைசி நாள். காலேஜ் ஹாலில் ஐந்து பேர் தங்கள் கதையை அவரவர் வீட்டு பாஷையில் படிக்க வேண்டும். ஐந்தில் நானும் ஒருத்தி. வீட்டுக்காரர்களைக் கூப்பிடலாம் என்றார்கள். இவர் கேட்டவுடனே லேக் சிநேகிதர்கள் ஆறு பேரையும் அழைத்துவிட்டார். அதில் நம் லக்ஷ்மிநாராயணன் மாமாவும் உண்டு. அவர் காதில் விழுந்தால் கொல்கத்தாவில் இருக்கிற அத்தனை தமிழர் ஆத்துக்கும் விழுந்த மாதிரி.

மூத்த மருமகள் என்றதும் எல்லாருக்கும் உங்கள் முகம்தான் தோன்றும். கதைதான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் நீங்கள் சரி என்றால் மட்டும்தான் படிப்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம். உங்களைவிட எனக்குக் கதை பெரிசில்லை.

பயத்துடன்
மாதங்கி

*

(அஞ்சலட்டை)

வடவள்ளி
29 மார்ச் 2025

கடிதமும் கதையும் கிடைத்தன. இங்கு அனைவரும் சௌகரியம். பதில் பிறகு.

ராஜலக்ஷ்மி

*

பவானிபூர்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். நாளை மறுநாள் வருஷப்பிறப்பு. வேப்பம்பூ பச்சடிக்குப் பூ கிடைக்காமல் காளிகாட் மார்க்கெட் வரைக்கும் போய் வாங்கி வந்தேன். நீங்கள் இருந்தால் அதில் எவ்வளவு வெல்லம் என்று சண்டை போட்டிருப்போம்.

அட்டை கிடைத்தது. மூன்றே வரி. நீங்கள் ராஜலக்ஷ்மி என்று கையெழுத்துப் போட்டு நான் பேங்க் பாரத்தில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு எப்போதும் மன்னிதானே? இரண்டு தடவை போன் பண்ணினேன். "அம்மா மொட்டை மாடியில இருக்கா சித்தி, அப்புறமா பேசச் சொல்றேன்" என்றாள் மாதவி. நீங்கள் பேசவில்லை.

தப்புப் பண்ணிவிட்டேன். தெரிகிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கதையைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். தியிடம் சொல்லி என் பெயரை எடுக்கச் சொல்கிறேன். கோபம் என்றால் நாலு பக்கத்துக்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இப்படிப் பேசாமல் இருக்காதீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள்
மாதங்கி

*

வடவள்ளி
2 மே 2025

சௌபாக்கியவதி மாதங்கிக்கு,

ஆசீர்வாதம். அண்ணா, பிள்ளை, மருமகள், பேரன் எல்லாரும் க்ஷேமம். இப்போது ஒரு நாற்காலியை எடுத்து ஜன்னல் ஓரமாகப் போட்டு உட்கார். நான் முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. "இல்லே மன்னி, அது வந்து" என்று ஆரம்பித்தால் அங்கே வந்து உதைப்பேன்.

முதல் விஷயம். நம் வீட்டுப் படிக்கட்டில் பதினாலு படி. நீ பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறாய். எட்டாவது படியில் திரும்பும். அங்கே நின்றால்தான் மேலே மாமியார் அம்மாவின் அறைக் கதவும் தெரியும், கீழே பௌதியின் சமையலறைக் கதவும் தெரியும். இது உனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நின்றவள் நீ இல்லையே.

ஏண்டி, மீன் சாப்பிட்டது நானா?

சௌம்யா வயிற்றில் இருந்தபோது கீழே இருந்து வாசனை வந்தால் எல்லாருக்கும் குமட்டும், உனக்கு நாக்கில் ஜலம் ஊறும். மசக்கை, கேட்டதைக் கொடுக்காவிட்டால் பாவம் என்று நான்தான் உன்னைப் படி இறக்கிவிட்டேன். ஒரு தடவை மசக்கை. சரி. அப்புறம் ஆறு மழைக்காலம் போனாயே, அத்தனையுமா மசக்கை? நீ மேலே வந்ததும் வெற்றிலையில் லவங்கம் மடித்துக் கொடுத்தது யார்? தலையில் வாசனை தங்கிவிடும் என்று மத்தியானம் மூன்று மணிக்குச் சாம்பிராணி போட்டது யார்? ஒரு ஆடி மாசம் முள் தொண்டையில் சிக்கிக்கொண்டு முழி பிதுங்கி வந்து நின்றாய். சோற்றை உருண்டை உருண்டையாக உருட்டி விழுங்க வைத்துவிட்டு, அம்மாவிடம் "டான்ஸில் வீங்கியிருக்கு" என்றேன். அந்த ஒரு பொய்க்காக மூன்று நாள் வீடு முழுக்கச் சுக்குக் கஷாயம் குடித்தோம். மறந்துவிட்டாயா?

அந்த மீனை அப்படியே தூக்கி என் இலையில் போட்டுவிட்டு, நீ பரிசுத்தமாகப் படிக்கட்டில் போய் நின்றுகொண்டாய். நின்றவளுக்கு உயிர் இல்லை என்று உன் பிள்ளைகள் சொன்னது வாஸ்தவம்தான். உயிர் உள்ளேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நீ நன்றாக எழுதிய ஒரே பக்கம் அந்தச் சாப்பாட்டுப் பக்கம். கடுகு மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வருவதும், பச்சை மிளகாயும், முதுகுப் பக்கத்து முள்ளை விரலால் தடவிப் பார்ப்பதும். சாப்பிடாதவள் அப்படி எழுத முடியாது. அதில்தான் மாட்டிக்கொண்டாய்.

சம்மதமா என்று கேட்டாய். இல்லை. பேர் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை, அறுபத்திரண்டு வயசுக்கு மேல் கெட்டால் எனக்கென்ன? பொய் என்பதால் சொல்கிறேன். படித்தால் நீ சாப்பிட்டதாகப் படி. தைரியம் இல்லையென்றால் மஞ்சள் டாக்ஸியில் ஏறி அழுதுகொண்டு போ.

முடிந்தது. இப்போது பேசலாம்.

மன்னி

*

பவானிபூர்
13 மே 2025

அன்புள்ள மன்னிக்கு,

நன்றி. நாற்காலியில் உட்கார்ந்தவள் சொல்லக்கூடியது அது ஒன்றுதானே. ஜன்னல் ஓரமாகத்தான் உட்கார்ந்து படித்தேன். அழுதேன், நடுநடுவே டான்ஸில் இடத்தில் சிரித்தேன். என்னைப் பார்த்து இவர், "கோயம்புத்தூர்ல என்ன விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். பார்த்தீர்களா, மறுபடியும்.

ஏன் மாற்றினேன் என்று கேட்கவில்லை நீங்கள். பயம்தான் மன்னி. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இவரிடம் நான் சொல்லாதது இது ஒன்றுதான். சரி, இரண்டு. மீன்காரன் சைக்கிள் தெருவில் போனால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிற மனுஷர். என் கையால் சாப்பிடுகிறார், நான் வைத்த ஜலத்தில் சந்தியாவந்தனம் பண்ணுகிறார். இது தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாரோ? உங்கள் தலையில் போட்டால் யாரும் உங்களை ஒன்றும் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் தூரத்தில் இருக்கிறீர்களே என்று கணக்குப் போட்டேன். எழுதும்போது அது கணக்காகக்கூடத் தோன்றவில்லை. கதை என்று பேர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

மாற்றி எழுதிவிட்டேன். "நான் சாப்பிட்டேன்" என்று ஆரம்பிக்கிறது. படிகளும் பதினாலு. கதையில் சாப்பிடுகிறவளுக்கு உயிர் வந்துவிட்டது, தியே சொன்னாள். ஆனால் படிக்கட்டில் நிற்கிற மன்னி இன்னும் சும்மா நிற்கிறாள். மாட்டிக்கொண்டால் உங்களுக்கும்தானே அம்மாவிடம் அர்ச்சனை விழுந்திருக்கும்? எதற்காக நின்றீர்கள்? உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது மன்னி? நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்ட ஞாபகம் இல்லை.

31ஆம் தேதி படிக்கிறேன். இவர் முன் வரிசையில் இருப்பார். வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்
மாதங்கி

*

பவானிபூர்
3 ஜூன் 2025

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். உயிரோடு இருக்கிறேன். இவரும் சௌக்கியம்.

சலவைச் சட்டை, விபூதி, முன் வரிசையில் நட்டநடு நாற்காலி. இரண்டு பக்கமும் மூன்று மூன்று சிநேகிதர்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு இங்கிலீஷில் அச்சடித்த தாள் கொடுத்திருந்தார்கள். இவர் கையில் தாள் இல்லை, "எனக்கெதுக்கு, என் பாஷையாச்சே" என்று பெருமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நான் சாப்பிட்டேன்" என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். லக்ஷ்மிநாராயணன் மாமா விட்டத்தைப் பார்த்தார், கடைசிவரை தலையைக் கீழே இறக்கவில்லை. கடுகு மூக்கில் ஏறுகிற இடத்தில் லேக் சிநேகிதர் கோஷ் பாபு தாளில் விரலை வைத்துக்கொண்டு "பா, பா!" என்று உரக்கப் பாராட்டினார். இவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. "பால் பொங்கறது" வந்த இடத்தில் ஹாலே சிரித்தது. அதில் இவர் சிரிப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். ரோடு தாண்டும்போது மட்டும் வழக்கம்போல என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வந்து கால் அலம்பி, சந்தி பண்ணி, ஊஞ்சலில் உட்கார்ந்தார். நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றேன். குடிப்பாரா மாட்டாரா என்று டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன் மன்னி. எடுத்துக் குடித்தார். அப்புறம் கேட்டார்.

"டான்ஸில்னு சொன்னாளே மன்னி, அது முள்ளா?"

"ஆமாம்."

"அதுக்கு உன்னை நான் டாக்டர்கிட்ட வேற கூட்டிண்டு போனேன். அவர் டார்ச்ச அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமே இல்லேன்னார். நான் அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், புரை ஏறுகிற வரைக்கும் சிரித்தார். நான் தலையில் தட்டினேன். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். "என்கிட்ட சொல்லிருக்கலாம்" என்றார். "சொல்லிருந்தா நீங்க என்ன பண்ணிருப்பேள்?" என்றேன். நேர்மையான மனுஷர், யோசித்துப் பார்த்து, "அப்போன்னா கத்திருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார். படுக்கப் போகும்போது, "இப்பவும் வேணும்னா கீழே போய்க்கோ. ஆத்துக்குள்ள மட்டும் வேண்டாம்" என்றார்.

ஹாலிலிருந்து கிளம்பும்போது ஜெயப்ரியா கட்டிக்கொண்டு, "சூப்பர் ஆன்ட்டி. ஆனா படியில நிக்கறாங்களே அந்த மன்னி, அவங்க இன்னும் பாக்கி" என்றாள். நீங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் போடவில்லை. கோர்ஸ் முடிந்துவிட்டது, இது மார்க்குக்காக இல்லை.

உங்கள்
மாதங்கி

*

வடவள்ளி
16 ஜூன் 2025

சௌபாக்கியவதி மாதங்கிக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் படித்து, அனந்து புரை ஏறிச் சிரித்த இடத்தில் எனக்கும் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அவனைப் பற்றி நாம் இரண்டு பேரும் தப்பாகத்தான் நினைத்திருக்கிறோம். நீ படித்துவிட்டாய். என் வயிற்றில் பால் வார்த்தாய்.

கேட்டாயே, சொல்கிறேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, ஆகவே எனக்கே வார்த்தை தேட வேண்டியிருக்கிறது.

எட்டாவது படியில் நிற்பேன். அந்த வாசனை படி ஏறி வரும். உள்ளே நீயும் பௌதியும் பேசிச் சிரிப்பது கேட்கும். எனக்கும் நாக்கில் ஜலம் ஊறும் மாதங்கி. உனக்கு மசக்கை என்று ஒரு பேர் இருந்தது, எனக்கு ஒரு பேரும் இல்லை. நான் பெரிய மருமகள், நானாக எப்படி இறங்கி வருவது? ஆறு மழைக்காலமும் நீ ஒரு நாளாவது கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "மன்னி, நீங்களும் வாங்கோ" என்று சொல்வாய் என்றுதான் நின்றேன். சொல்லியிருந்தால் வந்திருப்பேனா, "சீ போடி" என்றிருப்பேனா, தெரியாது. நீ சொல்லவில்லை. உன்மேல் தப்பில்லை, சின்னவள், பசியோடு போனாய். ஆனால் எனக்கு வலித்தது.

மார்ச்சில் உன் கதை வந்தது. அதில் நான் பௌதியின் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் எனக்கு முள் எடுத்துத் தருகிறாள். நான் சிரிக்கிறேன். மொட்டை மாடியில் வைத்து நாலு தடவை படித்தேன். அதனால்தான் உனக்குப் பதில் எழுத ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. கோபம் ஒன்றும் இல்லை. அந்தக் கதையைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. பொய் பொய்தான், என்னுடையது இல்லாததை வைத்துக்கொள்ளக் கூடாது என்று கடைசியில் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவுதான். இதைப் பெரிசுபடுத்தாதே. இங்கே எல்லாம் சௌகரியம். நேற்று மாதவி ஊருக்குப் போயிருந்தாள், நான் ரசம் வைத்தேன். உன் அண்ணா இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

மன்னி

*

பவானிபூர்
24 ஜூன் 2025

மன்னி,

நீங்களும் வாங்கோ.

முப்பது வருஷம் தாமதம். அதற்கு மன்னிப்பு நேரில் கேட்கிறேன், காலில் விழுந்து.

ஜூலை 18, சென்னையிலிருந்து ஹௌராவுக்கு உங்களுக்கும் அண்ணாவுக்கும் இரண்டு கீழ் பெர்த் போட்டாகிவிட்டது. சந்தீப்பிடம் பேசிவிட்டேன், சென்னைவரை அவன் கொண்டுவந்து விடுகிறான். மழை ஆரம்பித்துவிட்டது. பௌதி இன்று காலையே அம்மியைக் கழுவி வைத்துவிட்டு, "பெரியவள் காரம் தாங்குவாளா?" என்று கேட்டு அனுப்பினாள். தாங்குவாள் என்றேன். நம் ஆத்துச் சமையல் இரண்டு மாசத்துக்கு உங்கள் பொறுப்பு, நான் உட்காரப்போகிறேன்.

சாப்பிட்டே ஆக வேண்டும் என்று இல்லை. "சீ போடி" என்று சொல்வதானாலும் பௌதியின் சமையலறைக்குள் வந்து, மணையில் உட்கார்ந்து, இலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அண்ணாவுக்குத் தெரியவேண்டாம் என்றால் அதற்கும் கவலை வேண்டாம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை தூங்குவாரில்லையா? எட்டாவது படியில் நான் நிற்கிறேன். லவங்கமும் வெற்றிலையும் என் கையில் இருக்கும். அவர் புரண்டு எழுந்தால், பால் பொங்கறதுன்னு குரல் கொடுக்கறேன். நீங்கள் அவசரப்படாமல் சாப்பிடுங்கோ.

உங்கள்
மாதங்கி